ராஜா வீட்டுப் பெட்டியில இருந்த நீலக் குமிழும் சில்லும்: எகிப்து ஃபயான்ஸ நம்ம மொரீஷியஸ்ல செய்றது எப்படி

நம்ம ஊர்ல எந்தக் கேன்காய்ரி (இரும்புச் சாமான்) கடையில போய் ஃபயான்ஸ்னு கேட்டாலும் பாத்ரூம் சுவத்துல ஒட்டுற டைல்ஸத்தான் எடுத்துக் காட்டுவாங்க, பிரெஞ்சுல அதுக்கு அதான் பேரு. இத்தாலியில ஃபயென்ஸான்னு ஒரு ஊரு, அங்க செஞ்ச வெள்ளைப் பூச்சு மண்பாண்டத்துலேருந்து வந்த பேரு அது. பிற்பாடு எகிப்துல பூமிக்கடியில நீலமா பளபளன்னு சாமான் கிடைச்சப்ப ஐரோப்பாக்காரங்க அதே பேர இதுக்கும் வச்சுட்டாங்க. ஆனா ரெண்டும் வேற வேற. எகிப்து ஃபயான்ஸுல களிமண்ணே முக்கியம் இல்ல, அது அரைச்ச குவார்ட்ஸ் கல்லு, ஊர்ப்பக்கம் வெங்கச்சாங்கல்னு சொல்வாங்களே அது, அதோட கொஞ்சம் சோடா உப்பு, கொஞ்சம் சுண்ணாம்பு, நிறத்துக்குச் செம்பு. இவ்வளவுதான்.

நான் இதுல இறங்குனது அக்கா மக கல்யாணத்துக்காக. தாலியும் நகையும் வைக்க ஒரு மரப்பெட்டி செய்யணும்னு ஆச, மனசுல இருந்தது தூயாவோட நகைப்பெட்டி. தூயா மூணாம் அமென்ஹோதெப் ராஜாவோட மாமியார், ராணி தியேவோட அம்மா. 1905-ல ராஜாக்கள் பள்ளத்தாக்குல அவங்க கல்லறையத் திறந்தப்ப கிடைச்ச பெட்டி, மெல்லிசான காலு, வளைஞ்ச மூடி, தங்கப் பூச்சு, தந்தம், கருங்காலி, நடுவுல நடுவுல நீல ஃபயான்ஸ் சில்லு. அத முதல்ல படத்துல பாத்தப்ப முருகன் கோயில் மயில் கழுத்துதான் ஞாபகம் வந்தது. அதே நீலம்.

அந்தக் காலத்து எகிப்துப் பெட்டிக்குப் பெரும்பாலும் பூட்டு கிடையாது. மூடி மேல ஒரு குமிழ், பெட்டி முகப்புல ஒரு குமிழ், ரெண்டையும் சேத்து நூல் சுத்தி, முடிச்சு மேல ஈரக் களிமண்ண அப்பி முத்திரை குத்திடுவாங்க. யாராவது திறந்தா முத்திரை உடைஞ்சு தெரிஞ்சுடும். துத்தன்காமுன் கல்லறையில இப்படிக் குமிழ் வச்ச பெட்டிங்க நிறைய இருந்துச்சு. மூணாம் அமென்ஹோதெப் பேரு எழுதுன ஃபயான்ஸ் குமிழ் இன்னைக்கும் மியூசியங்கள்ல இருக்கு, மரம் போயிடுச்சு, குமிழ் மட்டும் நிக்குது. நான் சொல்லித்தரப்போறது இந்தக் குமிழ் ரெண்டும், ஓரத்துல பதிக்கிற சில்லு ஒரு வரிசையும் எப்படிச் செய்றதுன்னு.

ஒரு விஷயத்த இப்பவே சொல்லிடுறேன், இத விட்டா மத்தது எதுவும் உதவாது. இந்த வேலையில நல்லது கெட்டது சூளையில முடிவாகுறது இல்ல, காயுறப்பவே முடிவாயிடும். பழைய வீட்டுச் சுவத்துல ஈரம் ஏறி வெள்ளையா உப்பு பூக்கும் பாத்திருப்பீங்க. அதேதான் இங்கயும் நடக்குது. மாவுக்குள்ள கரைஞ்சிருக்கிற சோடா, தண்ணி ஆவியாகும்போது அதோட கூடவே மேல வந்து தோல் மாதிரி படியுது, சூளையில அந்தத் தோலுதான் உருகி குவார்ட்ஸோட சேந்து கண்ணாடிப் பூச்சா ஆகுது. தனியா பூச்சு பூச வேண்டாம், அதுவே பூசிக்கும். எகிப்துல இன்னும் ரெண்டு வழியும் இருந்துச்சு, பூச்சுக் கரைசல மேல தடவிச் சுடுறது ஒண்ணு, பூச்சுப் பொடிக்குள்ள பொருளப் புதைச்சுச் சுடுறது இன்னொண்ணு, ஈரான்ல கோம் நகரத்துல கழுதைக்குக் கட்டுற நீல மணிய இந்த ரெண்டாவது விதமாத்தான் போன நூற்றாண்டு வரைக்கும் செஞ்சாங்க. வீட்டுல செய்றவங்களுக்கு உப்பு பூக்க வைக்கிற வழிதான் சரிப்படும்.

மணலப் பத்தி. மொரீஷியஸ்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் முதல்ல தோணுறது கடற்கரை வெள்ள மணலு. அது ஆகவே ஆகாது. இது எரிமலைத் தீவு, பாறை எல்லாம் பசால்ட்ங்கிற எரிமலைக் கல்லு, குவார்ட்ஸே இல்ல. ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்ல கால்ல ஒட்டுற மணலு மணலே இல்ல, பவளமும் சிப்பியும் நொறுங்குன தூள், அதாவது சுண்ணாம்பு. அத அள்ளவும் கூடாது. சந்தேகம்னா ஒரு சிட்டிகை மேல வினிகர் விட்டுப் பாருங்க, புஸ்ஸுன்னு நுரைச்சா சுண்ணாம்பு, சும்மா கிடந்தா குவார்ட்ஸா இருக்கலாம். நான் முதல் தடவை வீட்டு முற்றத்துல பழைய கட்டட வேலையில மிஞ்சிக் கிடந்த பவள மணல ஒரு கைப்பிடி சேத்துட்டேன். சூளையிலேருந்து முழுசாத்தான் வந்தது, நிறமும் வந்துச்சு, மூணு நாள் கழிச்சுப் பாத்தா ஒவ்வொரு சில்லுலயும் பொட்டுப் பொட்டா வெடிச்சு வெள்ளைப் பொடி உதிருது. சூட்டுல சுண்ணாம்புக்கல்லு நீறாத சுண்ணாம்பா மாறி, அப்புறம் நம்ம ஊரு ஈரத்தக் குடிச்சு உப்பி வெடிச்சது அது. பொடிப்பொடியா அரைச்ச சுண்ணாம்பு கொஞ்சம் சேத்தா ஒண்ணும் ஆகாது, பூச்சுக்கு அது வேணும்கூட, குருணையா இருந்தாதான் வினை. நீச்சல் குளம் ஃபில்டர்ல போடுற மணலு குவார்ட்ஸுதான், ஆனா பெரிசு பெரிசா இருக்கும், அத அரைக்கிறதுல வர்ற தூசு நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். அதனால மண்பாண்ட சாமான் விக்கிறவங்க கிட்ட மாவா அரைச்ச சிலிக்காவே வாங்கிடுங்க, வெளிநாட்டுலேருந்து வரணும், காத்திருந்தாலும் பரவால்ல.

கரும்புச் சக்கை சாம்பல் இங்க மலையா கிடைக்குதே, எகிப்துலயும் செடிச் சாம்பல்தானே போட்டாங்கன்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். அவங்க எரிச்சது உப்பு நிலத்துல முளைக்கிற செடி, அதுல சோடா அதிகம், இல்லாட்டி நாட்ரான்ங்கிற இயற்கையான சோடா உப்பையே போட்டாங்க. கரும்புச் சாம்பல்ல சிலிக்காவும் பொட்டாஷும்தான் இருக்கு, பொட்டாஷ் காத்துல ஈரத்த இழுத்து நசநசன்னு ஆயிடும், காஞ்ச தோலா நிக்காது. விட்டுடுங்க.

இப்ப என்னோட கலவை, எல்லாம் எடைக்கணக்கு, 100 கிராமுக்குச் சொல்றேன். சிலிக்கா மாவு 35, சோடா ஃபெல்ட்ஸ்பார்ங்கிற கல்லு மாவு 35, கயோலின்ங்கிற வெள்ளைக் களி 12, பென்டோனைட்ங்கிற ஒட்டுற களி 2, சோடா ஆஷ் 6, பிகார்போனாத் 6 (பூத்திக்ல, அதான் மளிகைக் கடையில, கேட்டா குடுக்குற அதே ஆப்ப சோடாதான்), சுண்ணாம்புக்கல் மாவு 4. இதுக்கு மேல நிறத்துக்கு காப்பர் கார்பனேட் 3 கிராம். எகிப்துக்காரங்க ஃபெல்ட்ஸ்பாரும் கயோலினும் போடல, அவங்க மாவு கிட்டத்தட்ட முழுசா குவார்ட்ஸு, அதப் பிடிச்சு வடிவம் எடுக்க பரம்பரையா வந்த கை வேணும், நமக்கு மாவு கொஞ்சமாவது ஒட்டி நிக்கணும்னுதான் இந்தச் சேர்மானம். கறுப்பு சில்லு வேணும்னா செம்புக்குப் பதிலா மாங்கனீஸ் டையாக்சைடு, அதே 3 கிராம்லேருந்து ஆரம்பிங்க, கத்திரிப்பூ கறுப்பா வரும். அடர் நீலத்துக்குக் கோபால்ட், அரை கிராமே தாராளம்.

பொடி கலக்குறப்ப நல்ல மாஸ்க் போட்டே ஆகணும், துணி மாஸ்க் பத்தாது, தூசிக்குன்னே விக்கிற என்95 மாதிரி வேணும், ஃபேன நிறுத்திடுங்க, மேசையப் பெருக்காம ஈரத்துணியால துடைங்க. சோடா கைய அரிக்கும், கிளவுஸ் போடுங்க. செம்பும் மாங்கனீஸும் விஷம், சமையல் பாத்திரம் எதையும் இதுக்கு எடுக்காதீங்க, இந்த மாவுல தட்டு டம்ளரும் செய்யாதீங்க.

சோடா ரெண்டையும் முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சுக்கணும், காஞ்ச பொடியிலேயே கலந்தா கட்டி நின்னு அந்த இடம் மட்டும் உருகி குழி விழும். அந்தத் தண்ணிய மத்த பொடியில கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசையுங்க. கொழுக்கட்ட மாவு மாதிரி வழவழன்னு வராது, அத எதிர்பாக்காதீங்க. ஈர ரவைய அமுக்குன மாதிரி இருக்கும், வளைச்சா வெடிக்கும், தட்டிக்கிட்டே இருந்தா இளகித் தண்ணி விட்ட மாதிரி ஆகும், விட்டுட்டா திரும்ப இறுகும். தண்ணி அதிகமாச்சுன்னா கொஞ்ச நேரம் திறந்து வைக்கலாம்னு தோணும், அது வேண்டாம், அப்பவே உப்பு மேல வர ஆரம்பிச்சுடும், கொஞ்சம் காஞ்ச கலவையா எடுத்துச் சேத்துப் பிசைஞ்சுடுங்க. வேலை செய்யாத மாவு எப்பவும் பிளாஸ்டிக் பைக்குள்ள.

அச்சு விஷயத்துல எகிப்துக்காரங்க வழியே சரி. அமர்னாங்கிற பழைய எகிப்து நகரத்துல தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர் பீட்ரி 1891-92-ல தோண்டினப்ப சுட்ட களிமண் அச்சு ஆயிரக்கணக்குல கிடைச்சது, ஒரு பக்கம் மட்டும் குழிஞ்ச அச்சு, மாவ அமுக்கி எடுத்துடலாம். நானும் முதல்ல குமிழையும் பூவையும் களிமண்ல செஞ்சு காய வச்சு, அது மேல இன்னொரு களிமண் உருண்டைய அமுக்கி எடுத்து, அந்தக் குழிய சூளையில சுட்டு வச்சுக்கிட்டேன். தீபாவளிக்கு வாங்குற அகல் விளக்கு மாதிரி செம்மண்ணுதான், பூச்சில்லாம. பிளாஸ்டர் அச்சு வேண்டாம், அது தண்ணியோட சோடாவையும் உறிஞ்சிடும், அப்புறம் எங்கேருந்து உப்பு பூக்கும்? அச்சுல கொஞ்சம் கயோலின் பொடி தூவிட்டு மாவ அமுக்கி, ஓரத்த நூலால வழிச்சு, கவுத்துத் தட்டுனா விழுந்துடும்.

சில்லு 4-5 மில்லிமீட்டர் கனம் போதும், மெல்லிசானா சூளையில வளையும். குமிழ் நாய்க்குடை மாதிரி, தலை அகலமா, கீழ ஒரு காம்பு, காம்பு ஒரு விரல்கணு நீளமாவது வேணும், அதுதான் மரத்துக்குள்ள போய் நிக்கப்போகுது. சக்காராவுல ஜோசர் ராஜாவோட படிப் பிரமிடுக்குக் கீழ சுவர் முழுக்க நீல ஃபயான்ஸ் ஓடு, 36,000-க்கு மேல, பாய் பின்னுன மாதிரி வரிசையா. ஒவ்வொரு ஓட்டுக்கும் முதுகுல ஒரு மேடு, மேட்டுல ஓட்டை, அதுல நூல் கோத்து சாந்துல பதிச்சாங்க. எனக்கு அதப் பாத்துட்டு வெறும் பசைய நம்பி ஒட்ட மனசு வரல, பெரிய சில்லுக்கெல்லாம் முதுகுல கோடு கீறி விடுறேன், பசை பிடிக்கட்டும்னு.

இப்ப காயுறது. இங்கதான் நிதானம் வேணும். உப்பு காத்துப் போற பக்கம்தான் போகும். அதனால சில்ல பிளாஸ்டிக் தாள் மேல முகம் மேல பாத்து வைங்க, அடிப்பக்கம் தண்ணி ஆவியாக வழி இல்ல, உப்பு முழுக்க முகத்துக்கு வந்துடும், முதுகு வெறுமையா இருந்து பசைக்கும் நல்லது, சூளைத் தட்டுல ஒட்டவும் ஒட்டாது. குமிழுக்குக் காம்ப மட்டும் பிளாஸ்டிக்ல சுத்தி, ஒரு கம்பி வலை ஓட்டையில சொருகி தலைய நாலாபக்கமும் காத்துல நிக்க விடுங்க. ஃபேன் ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அந்தப் பக்கம் மட்டும் பூக்கும், மறுபக்கம் மொட்டையா வரும். வெயில்லயும் வைக்காதீங்க, தோல் சட்டுன்னு இறுகி அடியில ஈரம் நின்னுடும்.

நான் இருக்கிறது காத்ர் போர்ன்ல, ஜனவரி பிப்ரவரி சிக்லோன் மாசத்துல நாலு நாள் ஆகியும் சில்லு ஜில்லுன்னு இருக்கும், ஒண்ணும் பூக்காது. குரேபிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னும் கஷ்டம். நான் பெரியம்மா வீட்டுக்கு, மேற்கு கரைக்கு, தட்டோட எடுத்துட்டுப் போயிடுறேன், அங்க காத்து வறட்சியா இருக்கும், ரெண்டு நாள்ல பூத்துடுது. கார்ல கொண்டு போறதுன்னா அச்சுலேருந்து எடுத்த உடனே ஈரமா இருக்கும்போதே கொண்டு போகணும், பூத்ததுக்கப்புறம் அசைக்கவே கூடாது.

பூத்தது எப்படித் தெரியும்? முதல் நாள் சாயங்காலம் சில்லு ஓரத்துல மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு கோடு வரும், ராத்திரி அது நடுவுக்கு நகரும், மறுநாள் டார்ச் லைட்ட சாய்ச்சு அடிச்சா ஊசி ஊசியா சின்னச் சின்ன முள்ளு நிக்கிறது தெரியும், பொடி உப்பு கொட்டுன மாதிரி. அந்த நேரத்துல அதத் தொடாதீங்க, ஊதவும் ஊதாதீங்க. அக்காவோட சின்ன மகன் ஒருநாள் வந்து, "சித்தி, இது சர்க்கரையா?"ன்னு ஒரு விரல வச்சுட்டான். நான் ஒண்ணும் சொல்லாம அந்தச் சில்லையும் சேத்துச் சுட்டேன். சுத்தி முழுக்கப் பளபளன்னு நீலம், நடுவுல அவன் விரல் நுனி அளவுக்கு மட்டும் பச்சை கலந்த சொரசொரப்பு, ரேகைகூடத் தெரியுது. அந்தச் சில்ல பெட்டிக்கு அடிப்பக்கம் பதிச்சிருக்கேன்.

சூளைக்குச் சின்ன மின்சாரச் சூளை போதும், சொந்தமா இல்லாட்டி மண்பாண்டம் செய்றவங்க கிட்ட ஒரு தட்டு இடம் கேளுங்க, ஆனா சோடா ஆவி அவங்க சாமான்லயும் சூளைச் சுவத்துலயும் படும்னு முன்னாடியே சொல்லிடணும். தட்டு மேல அலுமினா பொடியோ சூளைப் பூச்சோ கனமா போட்டு அது மேல சில்ல வைங்க, கரண்டி மாதிரி எதையாவது அடியில கொடுத்துத் தூக்குங்க, விரல் வேண்டாம். குமிழுக்கு, காம்பு இறங்குற மாதிரி ஓட்டை போட்ட சுட்ட களிமண் கட்டை ஒண்ணு செஞ்சுக்கிட்டா தலை எதுலயும் படாம நிக்கும். மணிக்கு 100 முதல் 150 டிகிரி வரை ஏத்தி 930-ல கால் மணி நேரம் நிறுத்துங்க, அப்புறம் தானா ஆறட்டும், 100-க்குக் கீழ வர்ற வரைக்கும் திறக்காதீங்க. உங்க சூளைக்கு 920-ஓ 950-ஓ சரியா வரலாம், ரெண்டு துண்டு சோதிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, சொரசொரன்னு வந்தா 10 டிகிரி கூட்டணும், வழிஞ்சு தட்டுல ஒட்டுனா குறைக்கணும். காத்து தாராளமா இருக்கணும், புகையில சுட்டா செம்பு நீலமா வராது, சிவப்பும் அழுக்குமா போயிடும். சூளை ஓடுறப்ப அந்த அறையில உக்காராதீங்க.

மரவேலைக்கு வருவோம். மாமா ஒருத்தர் குரேபிப்புல சின்னக் கப்பல் மாடல் செய்ற பட்டறையில ரொம்ப வருஷம் உளி பிடிச்சவர். நான் பெட்டியில குழிய வெட்டி வச்சுட்டு அந்த அளவுக்குச் சில்லு செய்யப் போறேன்னதும், "வேணாம்மா, சுட்டது சுருங்கும், மரம் நாம சொன்னபடி கேக்கும், முதல்ல உன் சில்லு வரட்டும், அத மேல வச்சுக் கோடு போட்டு நான் குழி எடுக்கிறேன்"னாரு. அவர் சொன்னது எவ்வளவு சரின்னு அப்புறம் புரிஞ்சது, என்னோட மாவுல 50 மில்லிமீட்டர் கோடு சுட்டதும் 47 ஆச்சு, அதுவும் ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் மாறுது. ஒவ்வொரு சில்லுக்கும் பின்னாடி பென்சில்ல நம்பர் போட்டு, அதே நம்பர மரத்துலயும் போட்டு, அந்தந்தக் குழியத் தனித்தனியா எடுத்தோம். சுத்தி அரை மில்லிமீட்டர் இடம் விடணும், நம்ம ஊர்ல மழைக்கு மரம் உப்பும், இடம் இல்லாட்டி சில்ல நெருக்கி உடைச்சுடும்.

மரம் பழைய தேக்கு எடுங்க, பழைய அலமாரிக் கதவு கிடைச்சா அதுவே போதும், நல்லா காஞ்சிருக்கும். தூயா பெட்டியில கருங்காலி இருக்கேன்னு எனக்கும் ஆச இருந்தது, இந்தத் தீவே ஒரு காலத்துல கருங்காலிக் காடு, டச்சுக்காரங்க 1638-லேருந்து குடியேறி அத வெட்டி வெட்டிக் கப்பல்ல ஏத்துனாங்க, மிச்சம் நிக்கிற கொஞ்சத்துல கை வைக்க எனக்கு மனசு இல்ல. கறுப்புக்கு மாங்கனீஸ் சில்லையே வச்சுட்டேன், நீலம் ஒண்ணு கறுப்பு ஒண்ணுன்னு. ராணி ஹெதெப்ஹெரெஸ் கட்டில்லயும் கால்மாட்டுப் பலகையில இதே நீலமும் கறுப்பும்தான்.

அந்த ராணி, பெரிய பிரமிடு கட்டுன கூஃபு ராஜாவோட அம்மா, கி.மு. 2600 வாக்குல. 1925-ல கீசாவுல 27 மீட்டர் ஆழத்துல அவங்க சாமான் கிடைச்சப்ப மரம் எல்லாம் மக்கிச் சுருங்கிப் போச்சு, தங்கத் தகடும் ஃபயான்ஸ் சில்லும் மட்டும் விழுந்த இடத்துல விழுந்தபடி கிடந்துச்சு. அங்க தோண்டுன ஆராய்ச்சிக்காரர் ரைஸ்னரோட ஆளுங்க அவசரப்படாம ஒவ்வொரு துண்டையும் படம் பிடிச்சு, வரைஞ்சு, இடம் குறிச்சு எடுத்தாங்க, அதனாலதான் கட்டிலையும் நாற்காலியையும் புது மரத்துல திரும்ப நிறுத்த முடிஞ்சது. பிற்பாடு ஹார்வர்ட்ல அவங்க இன்னொரு நாற்காலியையும் தேவதாரு மரம், தங்கம், ஃபயான்ஸ் எல்லாம் வச்சுப் புதுசா செஞ்சாங்க. இதப் படிச்சதுலேருந்து நான் சில்லு வரிசையோட வரைபடம் ஒண்ணு பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கிறேன், நம்பரோட. உங்களுக்கும் அத வைக்கச் சொல்லுவேன்.

ஒட்டுறதுக்கு எபாக்ஸி வேண்டாம், நாளைக்கு ஒரு சில்லு உடைஞ்சா எடுக்கவே முடியாது. மரவேலைக்காரங்க சூடு பண்ணிப் போடுற பழைய வஜ்ஜிரப் பசையில கொஞ்சம் பிளாஸ்டர் பொடி குழைச்சு குழியில மெல்லிசா தடவி, சில்ல அமுக்குங்க, பக்கத்துல பிதுங்குறத ஈரத்துணியால உடனே துடைச்சுடணும். முகம் மரத்தோட ஒரே மட்டத்துக்கு வரணும், தூக்கிட்டு நின்னா கை பட்டு ஓரம் உதிரும். இடுக்குல கறுப்பு கலந்த தேன்மெழுகத் தேய்ச்சா மரம் உப்புனாலும் அது கொடுக்கும்.

குமிழுக்கு மட்டும் ஓட்டைய காம்ப விட ஒரு மில்லிமீட்டர் பெரிசா போட்டு, காம்பச் சுத்திப் பருத்தி நூல பசையில நனைச்சு ரெண்டு சுத்து சுத்திச் சொருகுங்க. சுத்தியலால தட்டக் கூடாது, ஃபயான்ஸ் காம்பு அடி தாங்காது. ஒரு நாள் முழுக்க விட்டுட்டு, அப்புறம் சிவப்புப் பட்டு நூல மூடிக் குமிழ்ல ஒரு சுத்து, முகப்புக் குமிழ்ல ஒரு சுத்துன்னு எட்டுப் போட்டு மூணு தடவை சுத்தி, கடைசி சுத்துக்கு அடியில நூல் நுனியச் சொருகுங்க, இழுக்கிற இழுப்பு குமிழ் தலையில விழாம காம்புல விழுற மாதிரி, மரத்த ஒட்டி. தூசு துடைக்கக் காஞ்ச மெத்துத் துணி போதும், எலுமிச்சையும் வினிகரும் அது பக்கமே போகக் கூடாது, புளிப்பு பட்டா பளபளப்பு செத்துடும். எங்க பெட்டிக்கு முத்திரை நாங்க களிமண்ல குத்தல, அக்கா மஞ்சள்ல பிள்ளையார் பிடிக்கிற மாதிரி ஒரு சின்ன உருண்டைய முடிச்சு மேல அழுத்தி வச்சா, தாலி எடுக்குற நேரம் வரைக்கும் அது அப்படியே இருந்துச்சு.